சாணமும் கடற்பாசியும்

குளத்துச் சேற்றைக் கோலால் கிளறினால் குமிழிகள் எழக் கண்டிருப்பீர்கள். 1776ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்டா, மஜ்ஜோரே ஏரியில் அத்தகைய குமிழிகளைச் சேகரித்துத் தீயிட்டார், எரிந்தன. பின்னர் மீத்தேன் எனப் பெயர் பெற்றது அவ்வாயுவே. காற்றுப் புகாவிடத்தில் நுண்ணுயிர்கள் தாவரப் பொருளைச் சிதைக்கையில் அது பிறக்கிறது.

நம் நாட்டில் ஜஷ்பாய் பட்டேல் 1950களில், மேலே மிதக்கும் இரும்பு மூடிகொண்ட சாண எரிவாயுக் கலத்தை அமைத்தார். 1960களில் கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு அதனைப் பரப்பிற்று. என் இளமையில் விழுப்புரம் பக்கத்துச் சிற்றூர்களில் சாணம் பெரும்பாலும் வறட்டியாகவே எரிந்தது. வயல் எருவை இழந்தது. பெண்கள் புகையில் கண் கலங்கினர். கலத்திலோ வாயுவும் கிட்டும், எஞ்சும் கரைசல் எருவும் ஆகும். இதனினும் சிக்கனமான ஏற்பாட்டை நான் அறியேன்.

மாடு குறைந்த கடற்கரைக்கு வழி என்ன? 1970களின் எண்ணெய் நெருக்கடியில், அமெரிக்கர் கலிபோர்னியக் கடலில் கெல்ப் என்னும் பெரும்பாசியை வளர்த்து வாயுவாக்க முனைந்தனர். பாசி நன்றாகவே புளித்தது. பண்ணையைத்தான் அலைகள் குலைத்தன. எண்ணெய் விலை இறங்கவே, 1980களில் ஊக்கமும் தளர்ந்தது.

பாசியில் மரத்தன்மை தரும் லிக்னின் மிகக் குறைவு. ஆதலின் எளிதில் சிதையும். இடர் செய்வன உப்பும் கந்தகமும். உப்பு மிகுந்தால் நுண்ணுயிர்கள் சோரும். கந்தகத்தால் அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு பிறந்து குழாய்களை அரிக்கும். நன்னீரில் அலசினால் உப்புக் குறையும் என்பர். திண்டிவனத்துக்குக் கிழக்கே, உப்பளங்கள் சூழ்ந்த மரக்காணத்தில், குடிநீரைப் பாசிக்கு இறைக்க எந்தத் தாய் இசைவாள்? கிடைக்கும் சாணத்தோடு பாசியைச் சிறிது சிறிதாகக் கலந்து, நுண்ணுயிர்களை உப்புக்குப் பழக்குவதே நம் கரைக்கு ஏற்றது என்பேன்.