பெயரும் நீரும்: காவிரிப் படுகையில் எரிவாயு எதிர்ப்பும் குடிநீர்ப் பாதுகாப்பும் (2010–2023)

முன்னுரை

காவிரியின் வரலாறு பெரும்பாலும் ஆற்று நீர்ப் பங்கீட்டின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மைசூர், சென்னை அரசுகளுக்கிடையே 1892இலும் 1924இலும் ஏற்பட்ட ஒப்பந்தங்கள், கண்ணம்பாடி, மேட்டூர் அணைகள், நடுவர் மன்றத்தின் 2007ஆம் ஆண்டு இறுதித் தீர்ப்பு என அவ்வரலாறு அரசுகளின் ஆவணங்கள் வழியே நமக்குக் கிடைக்கிறது. ஆனால் படுகை மக்கள் நாள்தோறும் குடிக்கும் நீரின் பெரும்பகுதி கைப்பம்புகளிலிருந்தும் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்தும் வருவது. அந்நிலத்தடி நீரைக் காக்க நடந்த போராட்டங்களின் வரலாறு அரசாணைகளைக் காட்டிலும் மிகுதியாகக் கிராம சபைத் தீர்மானங்களிலும் மனுக்களிலும் பதிவாகியுள்ளது.

2010 முதல் 2023 வரை காவிரிப் படுகையில் எரிவாயுத் திட்டங்களுக்கு எழுந்த எதிர்ப்பை இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வெதிர்ப்பில் ஒரு சொற்சிக்கல் தொடர்ந்து இடம்பெற்றிருப்பதை அறிய முடிகிறது. மக்கள் ஒரு திட்டத்தை அதன் பெயரால் எதிர்த்து வென்றபோதெல்லாம், அதே அச்சத்தைத் தரும் பணி வேறொரு பெயரில் திரும்பி வந்தது. எதிர்ப்பு வாயுவின் பெயரை விட்டு நிலத்தையும் நீரையும் முன்னிறுத்திய பின்னரே அது சட்ட வடிவம் பெற்றது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

நீரும் நிலமும்

நீரையும் நிலத்தையும் ஒன்றாகக் கருதும் நோக்கு தமிழ் மரபுக்குப் புதிதன்று. பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கிக் குடபுலவியனார் பாடிய புறநானூற்று 18ஆம் பாடல், நிலத்தோடு நீரைச் சேர்த்தவரே உடலோடு உயிரைச் சேர்த்தவர் என்னும் கருத்தை அரசனுக்கு அறிவுரையாக வைக்கிறது. அவ்வரசன் வென்ற தலையாலங்கானம் இன்றைய திருவாரூர் மாவட்டத்துத் தலையாலங்காடே என்று அறிஞர் கருதுவர். அதே மாவட்டத்தில்தான் ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின் மீத்தேன் எதிர்ப்பு தொடங்கியது என்பது ஈண்டுச் சுட்டத்தக்கது.

எனினும் மரபைச் சுட்டுவதோடு நின்றுவிட இயலாது. படுகையின் நீரியல் அமைப்பையும் காண வேண்டும். கடற்கரையை ஒட்டிய நாகப்பட்டினம், திருவாரூர்ப் பகுதிகளில் நன்னீர் பல இடங்களில் மெல்லிய அடுக்காகவே உள்ளது. அதன் கீழும் பக்கத்திலும் உவர்நீர் நிற்கிறது. மேலிருந்து ஆற்று நீர் ஊறுவது குறைந்தாலும், கீழிருந்து மிகுதியாக நீர் எடுத்தாலும் உவர்நீர் நன்னீரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை உவர்ப்பேறிய கிணற்றை மீட்பது அரிது.

தொழில்நுட்பமும் அச்சமும்

படுகையில் எண்ணெய்த் தேடல் புதிதன்று. எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் 1960கள் முதல் இங்குக் கிணறு தோண்டி வருகிறது. 1980களில் நரிமணத்தில் எண்ணெய் எடுக்கப்பட்டது. 1993இல் நாகப்பட்டினம் அருகே பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. இவை மரபுவழி முறையைச் சார்ந்தவை. தம் அழுத்தத்தாலேயே மேலெழும் எண்ணெயையும் வாயுவையும் எடுப்பது அம்முறை.

2010க்குப் பின் பேசப்பட்டவை இதனின்றும் வேறுபட்டவை. நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க, நிலக்கரி அடுக்கில் உள்ள நீரை முதலில் இறைத்து வெளியேற்ற வேண்டும். நீரின் அழுத்தம் குறைந்தால்தான் நிலக்கரியில் ஒட்டியுள்ள வாயு விடுபடும். பாறை எரிவாயு எனப்படும் ஷேல் வாயுவுக்கோ நீரியல் விரிசல் முறை தேவை. நீர், மணல், வேதிப்பொருள்கள் ஆகியவற்றின் கலவையை மிகுந்த அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளப்பது அம்முறை. முன்னதில் நிலத்தடி நீர் வெளியேற்றப்படுகிறது. பின்னதில் பெருமளவு நீர் உட்செலுத்தப்பட்டு, அதில் ஒரு பகுதி உப்பும் வேதிப்பொருளும் கலந்து மேலே திரும்புகிறது. கிணற்றின் இரும்புக் குழாய்க்கும் பாறைக்கும் இடையிலான சிமெண்டுப் பூச்சு பழுதுபட்டால், இடையிலுள்ள நன்னீர் அடுக்கு மாசுபடும் வாய்ப்பு உண்டு. ஆகவே மூன்று முறைகளும் நீரை மூன்று வகையில் தொடுகின்றன. பொதுவழக்கில் மூன்றையும் ஒரே பெயரால் சுட்டியதும், அரசுத் தரப்பு அவற்றைத் தனித்தனிப் பெயரால் பிரித்துக் காட்டியதும் பின்வந்த விவாதத்தின் மையமாயின.

முதற்கட்டம்: மீத்தேன்

நடுவண் அரசின் நிலக்கரிப் படுகை மீத்தேன் கொள்கையின் நான்காம் சுற்று ஏலத்தில் மன்னார்குடி வட்டாரம் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி கார்ப்பரேஷன் நிறுவனத்திற்கு வழங்கப்பட்டது. ஒப்பந்தம் 2010 ஜூலையில் கையெழுத்தாயிற்று. தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் ஏறத்தாழ 690 சதுர கிலோமீட்டர் அதன் எல்லைக்குள் அடங்கியது. 2011 ஜனவரியில் தமிழக அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தமும் ஏற்பட்டது.

இத்திட்டத்தின் பொருளை ஊர் ஊராகச் சென்று விளக்கியவர்களுள் இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் முதன்மையானவர். நிலக்கரி அடுக்கின் நீரை இறைத்தால் கிணற்று நீர் என்னவாகும் என்ற வினாவை உழவர் மொழியில் கேட்டதே இவ்வியக்கத்தின் வலிமையாயிற்று. இப்பரப்புரைக்காக வந்திருந்தபோது 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டி பிச்சினிக்காட்டில் அவர் காலமானார்.

2013 ஜூலையில் தமிழக அரசு பணிகளை நிறுத்தி வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. 2015 அக்டோபரில் நிலக்கரிப் படுகை மீத்தேன் திட்டத்தை அனுமதிப்பதில்லை என அரசு முடிவெடுத்தது. இது மக்களின் வெற்றியே. ஆயினும் அத்தடை ஒரு வாயுவின் பெயரைச் சுட்டிய தடை என்பது நோக்கத்தக்கது.

இரண்டாம் கட்டம்: ஹைட்ரோகார்பன்

2013 அக்டோபரில் பொதுத்துறை நிறுவனங்கள் தம் வட்டாரங்களில் பாறை எரிவாயு தேட நடுவண் அரசு இசைவளித்தது. 2016 மார்ச்சில் ஏற்கப்பட்ட ஹைட்ரோகார்பன் தேடல் மற்றும் உரிமக் கொள்கை, எண்ணெய், இயற்கை எரிவாயு, மீத்தேன், பாறை எரிவாயு ஆகிய அனைத்திற்கும் ஒரே உரிமம் என்னும் முறையைக் கொண்டுவந்தது. இதுவரை தனித்தனியாக நின்ற பெயர்கள் 'ஹைட்ரோகார்பன்' என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கின.

2017 பிப்ரவரி 15 அன்று நடுவண் அமைச்சரவைக் குழு சிறு வயல்களுக்கான ஒப்பந்தங்களை ஏற்றபோது, புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசல் கர்நாடகத்தைச் சேர்ந்த தனியார் நிறுவனம் ஒன்றிற்கு ஒதுக்கப்பட்டது. மறுநாளே நெடுவாசலில் போராட்டம் தொடங்கியது. நல்லாண்டார்கொல்லை, வடகாடு முதலிய ஊர்களிலும் அது பரவிற்று. நெடுவாசல் ஆற்றுப் பாசன ஊரன்று. ஆழ்துளைக் கிணற்று நீரால் வாழையும் பலாவும் தென்னையும் வளர்க்கும் ஊர். பாசன நீரும் குடிநீரும் அங்கு ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன. எனவே நிலத்தடி நீர் குறித்த ஐயம் அங்கு முழு வாழ்வு குறித்த ஐயமாயிற்று. மார்ச்சில் நிறுத்தப்பட்ட போராட்டம், ஒப்பந்தம் கையெழுத்தான பின் ஏப்ரலில் மீண்டும் தொடங்கி நூறு நாள்களைக் கடந்தது. திட்டம் செயலுக்கு வரவில்லை.

அதே ஆண்டு ஜூன் 30 அன்று தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டது. ஊர் மக்கள் திரண்டனர். தடியடியும் கைதும் நிகழ்ந்தன. கைதானவர்களுள் மீத்தேன் எதிர்ப்புக் கூட்டமைப்பின் பேராசிரியர் த. செயராமனும் ஒருவர். அங்கு மரபுவழிக் கிணறுகளே உள்ளன, மீத்தேன் எடுக்கப்படவில்லை என்று எண்ணெய்க் கழகம் விளக்கியது. தொழில்நுட்ப அளவில் அவ்விளக்கம் பொருளுடையது. ஆனால் எந்த வாயு என்பது ஊராரின் வினா அன்று. தம் நீர் என்னவாகும் என்பதே அவர்கள் வினா. இரு தரப்பும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை கூறிக்கொண்டிருந்தன எனலாம்.

கிராம சபையும் நிலத்தடி நீரின் மதிப்பும்

தமிழகத்தில் ஊரக உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் தனி அலுவலர்களே நிருவகித்தனர். ஆயினும் குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் ஆகியவற்றில் கூடிய கிராம சபைகளில் ஹைட்ரோகார்பன் திட்டத்திற்கு எதிரான தீர்மானங்கள் படுகை முழுவதும் நிறைவேறின. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் ஊர் தன் கருத்தைப் பதிவு செய்ய எஞ்சியிருந்த சட்டவழி அதுவே.

இதே காலத்தில் மற்றொரு நிகழ்வும் உண்டு. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் காவிரி வழக்கில் தீர்ப்பளித்தது. நடுவர் மன்றம் தமிழகத்திற்கு வழங்கிய 192 டி.எம்.சி. 177.25 ஆகக் குறைந்தது. குறைந்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 பெங்களூரின் குடிநீர்த் தேவைக்காக. எஞ்சிய 10, தமிழகப் படுகையில் கிடைக்கும் நிலத்தடி நீரைக் கணக்கில் கொண்டு குறைக்கப்பட்டது. ஊரார் காக்கப் போராடிய நிலத்தடி நீர், மாநிலங்களுக்கிடையிலான கணக்கில் ஆற்று நீருக்கு ஈடாக இவ்வாறு நுழைந்தது. மேலே குறைந்ததைக் கீழிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றால், கீழுள்ளதைக் கெடாமல் காப்பதும் நீதியின் பகுதியாகிறது. தீர்ப்புக்கு முன்பே கிராம சபைகள் வலியுறுத்தியது இதுவே.

சட்டம்: பெயரிலிருந்து நிலத்திற்கு

2018 அக்டோபரில் திறந்தவெளி உரிமக் கொள்கையின் முதற்சுற்றில் வேதாந்தா நிறுவனத்திற்கும் எண்ணெய்க் கழகத்திற்கும் காவிரிப் படுகையில் புதிய வட்டாரங்கள் ஒப்படைக்கப்பட்டன. 2019 ஜூனில் கடலோர மாவட்டங்களில் மனிதச் சங்கிலி நடந்தது. 2020 ஜனவரி 16 அன்று சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை திருத்தப்பட்டு, எண்ணெய், எரிவாயுத் தேடல் பணிக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்றாயிற்று. எதிர்ப்பைப் பதிவு செய்யும் சட்டவழி ஒன்று அடைபட்டது.

அடுத்த மாதமே, பிப்ரவரி 9 அன்று, முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி படுகையைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக அறிவித்தார். பிப்ரவரி 20இல் சட்டமுன்வடிவு நிறைவேறியது. அச்சட்டம் தடை செய்யும் தொழில்களின் பட்டியலில் எண்ணெய், இயற்கை எரிவாயு ஆகியவற்றின் தேடலும் எடுப்பும் இடம்பெற்றன. மீத்தேன், பாறை எரிவாயு ஆகியவற்றோடு அவை போன்ற பிறவும் சேர்க்கப்பட்டன. 'பிற' என்னும் சொல்லே பத்தாண்டுப் பெயர்ச்சிக்கலுக்குச் சட்டம் கண்ட விடை.

பிறநாட்டு ஒப்பீடு இங்குப் பயன்தரும். பிரான்சு 2011இல் நீரியல் விரிசல் முறையைச் சட்டத்தால் தடுத்தது. தடை செய்யப்பட்டது தொழில்நுட்பம். நியூயார்க் மாநிலம் மக்கள்நலன் குறித்த ஆய்வை முன்வைத்து 2014 டிசம்பரில் அம்முறைக்குத் தடையை அறிவித்தது. தமிழகம் முதலில் ஒரு வாயுவையும் பின்னர் ஒரு நிலப்பரப்பில் நிகழும் எல்லா எடுப்பையும் தடுத்தது. தொழில்நுட்பத்தைச் சுட்டும் தடை எல்லை முழுவதற்கும் பொருந்தும்; ஆனால் மரபுவழிக் கிணறுகளைத் தொடாது. நிலத்தைச் சுட்டும் தடை எம்முறைக்கும் பொருந்தும். ஆனால் எல்லைக்கோட்டோடு நின்றுவிடும்.

இக்குறை தமிழகச் சட்டத்திலும் உண்டு. தஞ்சாவூர், திருவாரூர், அன்றைய நாகப்பட்டினம் மாவட்டங்களோடு கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களே அதில் இடம்பெற்றன. திருச்சிராப்பள்ளி, கரூர், அரியலூர் விடுபட்டன. ஏற்கெனவே இயங்கும் கிணறுகளுக்கும் சட்டம் பொருந்தாது. 2023 மார்ச் இறுதியில் நடுவண் அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் தஞ்சாவூர் மாவட்டம் வடசேரி, கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பின் கிழக்குப் பகுதி, அரியலூர் மாவட்டம் மைக்கேல்பட்டி ஆகியவை இடம்பெற்றன. வாயுவின் இடத்தில் இப்போது நிலக்கரி. மாநில அரசு வேளாண் மண்டலச் சட்டத்தைச் சுட்டி எதிர்ப்புத் தெரிவித்தது. ஏப்ரலில் மூன்றும் நீக்கப்பட்டன. முதலிரண்டிற்குச் சட்டம் அரணாக நின்றது. மூன்றாவது மண்டலத்திற்கு வெளியே இருந்தது. அரசியல் முடிவே அதைக் காத்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

ஒன்று, 2015ஆம் ஆண்டுத் தடை மீத்தேன் என்னும் பெயரோடு நின்றமையால், 2017இல் எதிர்ப்பு மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது.

இரண்டு, வாயுவின் பெயர் மாறியபோதும் மக்கள் மனுக்களில் மாறாது நின்ற சொல் 'குடிநீர்'. அச்சொல்லின் உறுதியே எதிர்ப்பின் தொடர்ச்சிக்குக் காரணம்.

மூன்று, 2020ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தை அலகாகக் கொண்டது. ஆனால் நிலத்தடி நீர் ஒன்றிய எல்லைகளை அறியாது. மண்டலத்திற்கு வெளியே உள்ள கிணறும் உள்ளே உள்ள கிணறும் ஒரே நீரடுக்கில் இறங்கலாம்.

பெயரிலிருந்து நிலத்திற்கு வந்த பாதுகாப்பு, நிலத்திலிருந்து நீருக்குச் செல்லும் படி இன்னும் எஞ்சியுள்ளது. இவ்வரலாற்றின் முதன்மைச் சான்றுகளான கிராம சபைத் தீர்மான ஏடுகள் ஊராட்சி அலுவலகங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் திரட்டிப் பதிப்பிப்பது தமிழாய்வாளர் கடமையாகும். காவிரியின் வரலாற்றில் அரசுகளின் ஒப்பந்தங்களுக்கு அருகே அவ்வேடுகளும் வைக்கப்பட வேண்டும்.