பழவேற்காடு ஏரியின் பறவைகளும் விலங்குகளும்: ஒரு வரலாறு

பழவேற்காடு ஏரி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டத்திலும் பரவியுள்ள உவர்நீர்க் காயல். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பூநாரை, கூழைக்கடா, நாரை, உள்ளான் முதலிய நீர்ப்பறவைகளின் வாழிடமாகப் புகழ்பெற்றது. ஏரியின் மேற்கே கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதியும், தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களும், கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளமும் அமைந்துள்ளன. நானூறு ஆண்டுகளில் இப்பகுதியில் எழுந்த கோட்டை, கால்வாய், சாலை, துறைமுகம் ஆகியவை ஏரியின் நீரோட்டத்தையும் கரையோரக் காட்டையும் மாற்றியுள்ளன. இங்குள்ள உயிரினங்களின் வரலாறு அந்த மாற்றங்களின் வரலாறும் ஆகும்.

அமைவிடமும் நீரும்

ஏரி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 60 கி.மீ. நீளமுடையது. இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. தென்பகுதி பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களைச் சேர்ந்தது. ஸ்ரீஹரிகோட்டா தீவு ஏரியை வங்காள விரிகுடாவிலிருந்து பிரிக்கிறது. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கி ஆறும் ஏரியில் கலக்கின்றன. ஏரியின் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான்.

ஏரியின் நீர் ஆண்டு முழுவதும் ஒரே தன்மையில் இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையின்போது ஆறுகள் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கும். நீர்மட்டம் உயர்ந்து, முகத்துவாரத்தை அடைத்திருக்கும் மணல் உடைபடும். கடல்நீர் ஏரிக்குள் வந்து போகும். தை, மாசி மாதங்களில் நீர் வடியத் தொடங்கி, சேற்றுப்பரப்புகள் வெளியே தெரியும். கோடையில் கடலலை கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தை மீண்டும் தூர்க்கும். அப்போது உள்ளிருக்கும் நீர் வற்றி, அதன் உப்பு கடல்நீரைவிட மிகும். மீன், இறால், நண்டு, பறவை ஆகிய அனைத்தும் இந்தச் சுழற்சியை ஒட்டியே வாழ்கின்றன.

பெயரும் பழைய காடும்

வேல மரங்கள் நிறைந்த பழைய காடு என்பதால் பழவேற்காடு என்ற பெயர் வந்ததாகச் சொல்வது உண்டு. பழவேர்க்காடு என்று எழுதி, வேர்கள் நிறைந்த காடு என்று பொருள் கொள்வோரும் உள்ளனர். இரு விளக்கங்களும் ஊரை ஒரு காட்டோடு தொடர்புபடுத்துகின்றன. சோழமண்டலக் கடற்கரையின் இயல்பான காடு உலர் பசுமைமாறாக் காடு எனப்படுகிறது. ஆண்டு முழுவதும் இலை உதிர்க்காத குட்டையான மரங்களும் முட்புதர்களும் கொடிகளும் அடர்ந்தது அது. அக்காட்டின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. எஞ்சியுள்ள பெரிய பகுதிகளில் ஒன்று ஸ்ரீஹரிகோட்டா தீவில் உள்ளது.

டச்சுக் காலம்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613-ல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. கோட்டைக்கு நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயர் சூட்டப்பட்டது. 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும்வரை சோழமண்டலக் கடற்கரையில் டச்சு வணிகத்தின் தலைமையிடமாக பழவேற்காடு விளங்கியது. இங்கிருந்து துணிகள் ஏற்றுமதியாயின. வெடிமருந்து ஆலை ஒன்று இயங்கியது. அடிமைகளாக்கப்பட்ட மனிதர்களும் இங்கிருந்து கப்பலேற்றப்பட்டனர். 1825-ல் ஊர் ஆங்கிலேயர் வசமானது. கோட்டை இன்று புதர் மூடிய மேடாக எஞ்சியுள்ளது.

பழவேற்காட்டில் டச்சுப் பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ் இப்பகுதி மக்களின் சமயத்தைப் பற்றி எழுதிய நூல் 1651-ல் வெளிவந்தது. இக்கடற்கரையின் பறவைகள் ஐரோப்பிய நூல்களில் இடம்பெற மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. சென்னை ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பல்க்லி அனுப்பிய படங்களின் அடிப்படையில், சென்னைப் பகுதிப் பறவைகள் பற்றிய குறிப்பு 1713-ல் ஜான் ரேயின் பறவை நூலோடு சேர்ந்து வெளிவந்தது. 1840-களில் நெல்லூரில் மருத்துவராகப் பணியாற்றிய டி.சி. ஜெர்டன் பின்னர் இந்தியப் பறவைகளைப் பற்றிய விரிவான நூலை 1862 முதல் 1864 வரை வெளியிட்டார்.

கால்வாயும் விறகும்

ஏரியின் சூழலை முதலில் பெரிய அளவில் மாற்றியது கால்வாய். 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. அதில் முதலீடு செய்த பேசில் கோக்ரேன் பெயரால் அது கோக்ரேன் கால்வாய் எனப்பட்டது. பின்னர் அது வடக்கே நீட்டிக்கப்பட்டு பழவேற்காடு ஏரியோடு இணைந்தது. 1876-78 பஞ்ச காலத்தில் நிவாரணப் பணியாகக் கால்வாய் வேலைகள் நடந்தன. அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அதற்கு இடப்பட்டது.

இக்கால்வாய் வழியே ஸ்ரீஹரிகோட்டாவின் விறகு படகுகளில் சென்னைக்குச் சென்றது. வளர்ந்துவந்த நகரத்தின் அடுப்புகள் தீவின் காட்டைக் கொண்டு எரிந்தன. தீவின் பழங்குடிகளான யானாதிகள் தேன், கிழங்கு, மூலிகை முதலியவற்றைச் சேகரித்தும் மீன் பிடித்தும் வாழ்ந்தவர்கள். காடு அரசின் வருவாய்ச் சொத்தானதும் அவர்கள் அரசுக்குக் காட்டுப்பொருள் சேகரித்துக் கொடுப்பவர்களாக மாறினர்.

பறவைகள்

ஐப்பசி முதல் பங்குனி வரை ஏரியில் பறவைகள் மிகுதியாகக் காணப்படும். இவற்றுள் பெரிய பூநாரை முதன்மையானது. நீண்ட கால்களும் வளைந்த அலகும் கொண்ட இப்பறவை தலையைக் கவிழ்த்து, அலகை நீருக்குள் தலைகீழாக வைத்துச் சேற்றுநீரை உறிஞ்சும். அலகினுள் உள்ள சல்லடை போன்ற அமைப்பு நுண்ணுயிர்களையும் சிறு கணுக்காலிகளையும் வடிகட்டும். அவ்வுணவில் உள்ள நிறமிகளே சிறகுக்கு இளஞ்சிவப்பு நிறம் தருகின்றன. இந்தியாவில் பூநாரைகள் பெருங்கூட்டமாக இனப்பெருக்கம் செய்யும் இடம் குஜராத்தின் கட்ச் பாலைநிலம். பழவேற்காட்டுக்கு அவை இரைதேடி வருகின்றன. முழங்கால் அளவு நீரும் அடியில் மென்மையான சேறும் அவற்றுக்குத் தேவை. ஏரி ஆழமானாலும் முற்றிலும் வறண்டாலும் அவை இடம் மாறிவிடும்.

சாம்பல் கூழைக்கடா மீனை நம்பி வாழ்வது. ஏரிக்கு அருகே ஆந்திரத்தில் உள்ள நேலபட்டு குளத்தில் நீரில் நிற்கும் மரங்களின்மேல் கூடு கட்டி, பழவேற்காட்டில் மீன் பிடித்துக் குஞ்சுகளுக்குக் கொண்டுசெல்கிறது. மஞ்சள்மூக்கு நாரை, நத்தைக்குத்தி நாரை, கொக்குகள், பவளக்காலி ஆகியவற்றையும் இங்கே காணலாம். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், பல வகை உள்ளான்கள் ஆகியவை வட ஆசியாவிலிருந்து வலசை வருபவை. கடற்காகங்களும் ஆலாக்களும் முகத்துவாரத்தில் கூடும். செம்பருந்தும் விராலடிப்பானும் ஏரியின்மேல் வட்டமிட்டு மீன் பிடிக்கும்.

விலங்குகள்

ஸ்ரீஹரிகோட்டா காட்டில் புள்ளிமான், காட்டுப்பன்றி, நரி, தேவாங்கு ஆகியவை வாழ்கின்றன. ஏரிக்கரைப் புதர்களில் கீரியும் காட்டுப்பூனையும் உடும்பும் உள்ளன. கடற்கரை மணலில் குளிர்காலத்தின் இறுதியில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். ஏரியில் மடவை, கெளுத்தி, வெள்ளை இறால், சேற்று நண்டு முதலியன கிடைக்கின்றன. இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பும். முகத்துவாரம் அடைபட்டால் இச்சுழற்சி அறுபடும்.

ஏவுதளமும் சாலையும்

1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபின் ஏரி இரு மாநிலங்களின் பொறுப்பானது. 1969-ல் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளத்துக்குத் தேர்வு செய்யப்பட்டது. 1971 அக்டோபரில் அங்கிருந்து முதல் ரோகிணி ராக்கெட் ஏவப்பட்டது. தீவு தடைசெய்யப்பட்ட பகுதியானது. விறகு வெட்டு நின்றது. காடு மீண்டும் தழைத்தது. தீவில் குடியிருந்த மீனவர்கள் பலர் இடம்பெயர்க்கப்பட்டனர்.

தீவை சூளூர்ப்பேட்டையோடு இணைக்க ஏரியின் குறுக்கே மண்மேடிட்டுச் சாலை போடப்பட்டது. இச்சாலை ஏரியின் நீரோட்டத்தைத் தடுத்தது. வடபகுதியில் வண்டல் படிவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. தீவின் விலங்குகளுக்குப் பாதுகாப்பளித்த அதே திட்டம் ஏரியின் நீரை இரண்டாகப் பிரித்தது. இன்று பூநாரைகளைப் பார்க்க வருவோர் பெரும்பாலும் இச்சாலையில் நின்றுதான் பார்க்கின்றனர்.

சரணாலயம்

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1976-ல் ஆந்திரப் பகுதியும், 1980-ல் தமிழ்நாட்டுப் பகுதியில் 153.67 சதுர கி.மீ. பரப்பும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. சட்டப்படி சரணாலயம் அறிவிக்கும் நோக்கத்தை வெளியிடுவது முதற்படி. எல்லைக்குள் நிலம் வைத்திருப்போரின் உரிமைகளை விசாரித்துத் தீர்வு செய்வது அடுத்த படி. அதன்பின்னரே இறுதி அறிவிக்கை வெளியாகும். பழவேற்காட்டில் இரண்டாவது படி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக முடியாமல் இருந்தது. ஆகவே சரணாலயத்துக்குள் பட்டா நிலமும் ஊரும் விளைநிலமும் கலந்தே உள்ளன.

சரணாலயத்தைச் சுற்றிச் சூழல் கூருணர்வு மண்டலம் முறையாக வரையறுக்கப்படாத இடங்களில், 10 கி.மீ. சுற்றளவுக்குள் வரும் பெரிய திட்டங்கள் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். கும்மிடிப்பூண்டி வட்டத்தின் கிழக்குப் பகுதி இவ்வளையத்துக்குள் வருகிறது. எனவே எல்லையைத் தீர்மானிப்பது பறவைகளைப் போலவே ஆலைகளையும் பாதிக்கும் கேள்வியானது. 2024-ல் நில உரிமைகளைத் தீர்வு செய்யும் பணி முன்னெடுக்கப்பட்டபோது, காப்பு வளையம் சுருங்கி ஆலைகள் ஏரியை நெருங்கும் என்ற அச்சத்தைச் சூழலியலாளர்கள் வெளியிட்டனர். தங்கள் நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ இயலாமல் இருந்த உழவர்களுக்கோ இத்தீர்வு நெடுநாள் கோரிக்கை.

துறைமுகங்களும் முகத்துவாரமும்

இக்கடற்கரையில் அலைகள் மணலைப் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் அம்மணலைத் தெற்கே தடுத்து நிறுத்தும். வடக்கே கரை அரிக்கப்படும். எண்ணூர் துறைமுகம் 2001-லும், காட்டுப்பள்ளி துறைமுகம் அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பின்னரும் இயங்கத் தொடங்கின. 2018-ல் அதானி குழுமம் காட்டுப்பள்ளி துறைமுகத்தை வாங்கி, அதை விரிவாக்கும் திட்டத்தை முன்வைத்தது. பழவேற்காட்டு மீனவ ஊர்கள் அதை எதிர்த்துவருகின்றன. ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டு அரிக்கப்பட்டால் ஏரி கடலோடு கலந்து தன் இயல்பை இழக்கும் என்பது அவர்கள் கூறும் காரணங்களுள் ஒன்று.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. இறகில் எண்ணெய் படிந்த கூழைக்கடாக்கள் காணப்பட்டன. வனத்துறை அவற்றைப் பிடித்துச் சுத்தம் செய்ய முயன்றது. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் மாறி மாறி இரைதேடும் பறவைகளுக்கு இரண்டும் ஒரே நீர்நிலைதான் என்பதை அந்நிகழ்வு காட்டியது.

மீனவர்களும் பறவைகளும்

பழவேற்காட்டு மீனவர்களிடையே பாடு என்னும் மரபுமுறை உள்ளது. ஏரியின் இறால் பிடிக்கும் இடங்கள் பாடுகளாகப் பிரிக்கப்பட்டு, சீட்டுப் போட்டு முறைவைத்துக் குடும்பங்களுக்கு வழங்கப்படுகின்றன. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகியவை இவ்வுரிமை கொண்ட ஊர்கள். ஒருவரே எல்லா நாளும் நல்ல இடத்தில் வலை கட்ட முடியாது என்பதால் மிகைப்பிடிப்பு ஓரளவு கட்டுப்பட்டது. பிற ஊர்களும் ஏரியில் பங்கு கேட்டபோது பூசல்கள் எழுந்தன. ஏரியின் பரப்பும் மீனும் குறையுமளவுக்கு இப்பூசல்கள் கூர்மையடைகின்றன.

முகத்துவாரம் தூர்ந்த ஆண்டுகளில் மீனவர்களே மணலைத் தோண்டிக் கடலுக்கு வழி திறந்துள்ளனர். முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது அவர்களின் நீண்டகாலக் கோரிக்கை. 2020-களில் தமிழ்நாடு அரசு அதற்காக இருபுறமும் கற்சுவர் அமைக்கும் பணியைத் தொடங்கியது. முகத்துவாரம் திறந்திருந்தால் ஏரிக்குள் இறாலும் மீனும் வரும். கூழைக்கடாவும் மீனவரும் நம்பியிருப்பது அதையே. ஆழம் குறைந்த சேற்றுப்பரப்பு நீடித்தால் பூநாரைக்கு இரை கிடைக்கும். இவ்விரண்டும் ஒரே ஏரியில் ஒருங்கே அமைவது பருவமழையையும் ஆறுகளில் வரும் நீரையும் பொறுத்தது.

2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டின் ராம்சர் தலங்களின் எண்ணிக்கை 20 ஆனது. பழவேற்காடு அப்பட்டியலில் இடம்பெறவில்லை.