வன்னியின் உணவும் சலரோகத்தின் மரபும்

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னி நிலத்தின் பழைய வாழ்க்கை குளத்து நீரையும் சேனைப் பயிரையும் நம்பியிருந்தது; மழை பொய்த்த ஆண்டுகளில் குரக்கனும் சாமையும் வயிற்றைக் காக்க, மலேரியாக் காய்ச்சல் ஊர்களை வெறுமையாக்கியது. 1902இல் தொடங்கிய இரணைமடுக் குளத்தின் வேலை 1920இல் முடிவுற்றது. 1936இல் உருவான கிளிநொச்சிக் குடியேற்றம் யாழ்ப்பாணத்தாரைக் கொணர்ந்தது. 1958, 1977 ஆண்டுகளின் கலவரங்களுக்குப் பின் மலையகத் தமிழரும் வந்து சேர்ந்தனர். ஆதலால் வன்னி மக்களின் பரம்பரை ஒரே ஊற்றிலிருந்து பெருகியதன்று.

பஞ்சத்தைத் தாங்க உதவிய மரபணுக்களே, அதாவது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு உடற்கூறுகளைக் கடத்தும் அலகுகளே, உணவு மலிந்த காலத்தில் சலரோகத்தை வருவிக்கின்றன என்று மரபியலாளர் ஜேம்ஸ் நீல் 1962இல் கருதினார். பஞ்சம் கண்ட வன்னிக்கு இக்கருத்து பொருந்துவதுபோல் தோன்றினும், பிற்கால ஆய்வு வேறு திசையையே காட்டிற்று. 2006இல் ஐஸ்லாந்து ஆய்வாளர் கண்டறிந்து, பின்னர் சென்னையிலும் உறுதிசெய்யப்பட்ட டிசிஎப்7எல்2 மரபணுவின் மாறுபாடு, கொழுப்பைச் சேமிப்பதைவிடச் சதையி இன்சுலினைச் சுரக்கும் ஆற்றலைக் குறைப்பதாலேயே இரண்டாம் வகைச் சலரோகத்துக்கு வழிவகுக்கிறது. 2011இல் தெற்காசியரிடையே மேலும் ஆறு மரபணு இடங்கள் இனங்காணப்பட்டன. இவை ஒவ்வொன்றும் தனித்துச் சேர்க்கும் ஆபத்து சிறிதே.

பரம்பரை மட்டும் நோயைத் தீர்மானிப்பதில்லை என்பதை 2005, 2006 ஆண்டுகளில் நிகழ்ந்த இலங்கை ஆய்வு தெளிவாக்குகிறது: வயதுவந்தோரில் சலரோகம் உடையோர் நகரத்தில் 16.4 சதவீதம், கிராமத்தில் 8.7 சதவீதம். ஒரே நாட்டு மக்களிடையே ஏறத்தாழ இருமடங்காகும் இவ்வேறுபாட்டை உணவும் உழைப்பும் இன்றி விளக்க இயலாது. ஆனால் உள்நாட்டுப் போரினால் வடக்கு, கிழக்கு மாகாணங்கள் அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. நாட்டின் சலரோக வரைபடத்தில் வன்னி வெற்றிடமாகவே நின்றது, இது பெருங்குறை.

அக்காலத்திலேதான் வன்னியின் உணவும் உழைப்பும் தலைகீழாயின. வயலை இழந்து இடம்பெயர்ந்தோர் நிவாரண அரிசியையும் கோதுமை மாவையும் சீனியையும் உண்டு வாழ்ந்தனர். 2009இல் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைபட்டனர். கருவிலே ஊட்டம் குறைந்த பிள்ளை பிற்காலத்தில் சலரோகத்துக்கு எளிதில் ஆட்படும் என ஆய்வாளர்களான ஹேல்சும் பார்க்கரும் 1992இல் முன்வைத்த கருத்துக்கு, நெதர்லாந்தின் 1944–45 பஞ்சகாலத்தில் கருவிலிருந்தோர் நடுவயதில் குருதிச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் குறைந்திருந்தமை சான்றாகிறது. 2009இல் இறுதிப் போர் நடந்த முள்ளிவாய்க்காலில் கருவுற்றிருந்த தாய்மாரின் பிள்ளைகள் இன்னும் இளையோரே. அவர்களின் குடும்ப வரலாற்றையும் பிறப்பு எடையையும் பதிந்து, நோய் தோன்றுமுன்னரே குருதிச் சர்க்கரையைக் காலந்தவறாது சோதிக்கும் ஏற்பாட்டை வன்னி மருத்துவமனைகள் தாமதமின்றித் தொடங்க வேண்டும்.