சாவைக் கணக்கிடும் அதிகாரம்

'சாவு விகிதம் வெறும் எண்தானே, அதுல என்ன அரசியல்?' என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் ஹாஃப்மன் கதையைச் சொல்வதுண்டு. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் புள்ளியியலாளர். 1896இல் இறப்பு விகிதங்களை அடுக்கி, கறுப்பினம் அழியும் பாதையில் போகிறது என்று ஆரூடம் சொன்னார். காரணம் வாழ்நிலை அல்ல, இனப்பண்புதானாம்.

மறு ஆண்டே டுபாய்ஸ் மடக்கினார்: நேப்பிள்ஸிலும் புடாபெஸ்டிலும் வெள்ளையரும் இதே வீதத்தில்தானே சாகிறார்கள்? அப்போ அவங்களும் அழியப்போற இனமா?

1890இல் சுமார் 75 லட்சமாயிருந்த கறுப்பர்கள் 2020 கணக்கெடுப்பில் 4 கோடியைத் தாண்டிவிட்டார்கள்.

கோளாறு கூட்டலில் இல்லை. நேற்றைய சாவை நாளைக்கும் நீட்டுகிறவர், கொன்ற சூழலையும் இயற்கையாக்கி நீட்டிவிடுகிறார். எந்த முன்கணிப்பைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எது மாறாதுன்னு யார் முடிவு பண்ணினது?