ஊர்தியலையை உதறிய வானொலி

1925ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் சீடார் ராப்பிட்ஸ் நகரில், பதினைந்தே வயதான ஆர்தர் காலின்ஸ் தானே அமைத்த வானொலிப் பொறியால், கிரீன்லாந்து சென்றிருந்த மாக்மில்லன் ஆய்வுக் குழுவோடு தொடர்புகொண்டான். அச்சிறுவன் பின்னாளில் நிறுவிய தொழிலகமே 1957இல் கே.டபிள்யூ.எம்.-1 என்னும் டிரான்சீவரை வெளியிட்டது.

அதுவரை அமெச்சூர் வானொலியாளர்தம் மேசையை அனுப்பி ஒன்றும் வாங்கி ஒன்றுமாக இரு தனிப் பெட்டிகள் அடைத்துக் கிடந்தன. ஒன்றன் அலைவெண்ணுக்கு மற்றொன்றைத் திருகி இணக்குதல் வேண்டும். பழைய வீச்சுப் பண்பேற்ற முறையிலோ, பேச்சு எதனையும் தாங்காத ஊர்தியலை, முழுப் பண்பேற்றத்தின்போதும் ஆற்றலில் மூன்றில் இரு பங்கை விழுங்கியது. எஞ்சியதும் ஒரே செய்தியை இரு பக்கப்பட்டைகளில் இரட்டித்துச் சுமந்தது. வீண்செலவென்றால் இதுவன்றோ வீண்செலவு! புதிய கருவி ஊர்தியலையையும் ஒரு பக்கப்பட்டையையும் களைந்தது; அலையியற்றியும் இருபணிக்கும் பொதுவாயிற்று.

ஆயினும் மாற்றம் எளிதாக நிகழவில்லை. பழைய முறைக்கு இணக்கிய வாங்கியில் புதுக்குரல் வாத்தின் கத்தலாகவே ஒலித்தது. கனத்த மின்மாற்றிகளையும் குழல்களையும் கோத்துத் தம் கையாலேயே பொறி சமைத்தோர்க்கு, கடையில் வாங்கும் பெட்டிக்காக அதனைக் கைவிட மனம் ஒப்பவில்லை. அதனை வெறும் பழமைப்பற்று என்று தள்ளுதல் நேர்மையாகாது. பழைய குரலின் நிறைவு புதியதில் இல்லை என்பது உண்மையே.

1959இல் வந்த கே.டபிள்யூ.எம்.-2 கீழ் அலைவரிசைகளையும் உள்ளடக்கியது. அதன்பின் பழம்பொறிகள் ஒவ்வொன்றாக மேசையை விட்டு இறங்கின. எனினும் 3885 கிலோஹெர்ட்சில் அவற்றின் குரல் இன்றும் அமெரிக்க இரவுகளில் கேட்கிறது.