தூளியும் அமாக்கும்

பிரெஞ்சு படித்த நம் ஊர்ப் பெரியவர்களுக்கு 'மத்லோ' என்ற சொல் தெரிந்திருக்கும். கப்பல் மாலுமி. அது டச்சு மொழியிலிருந்து வந்தது என்றும், 'படுக்கைக் கூட்டாளி' என்பதுதான் அதன் பழைய பொருள் என்றும் சொல்லாராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். இரண்டு பேருக்கு ஒரு படுக்கை. ஒருவன் காவலுக்குப் போனால் மற்றவன் வந்து படுப்பான். பிற்காலத்தில் அந்தப் படுக்கை அந்தரத்தில் தொங்கும் துணியாக மாறியது.

தொங்கும் படுக்கை ஐரோப்பாவின் கண்டுபிடிப்பு அல்ல. 1492-இல் கொலம்பஸ் பஹாமா தீவுகளில் இறங்கியபோது, அங்கிருந்த மக்கள் பருத்தி வலையை இரண்டு பக்கமும் கட்டி அதில் படுத்திருப்பதைப் பார்த்தார். அவர்கள் அதை 'அமாக்கா' என்றார்கள். பிரெஞ்சில் அது 'அமாக்' ஆயிற்று. பிரெஞ்சு மாலுமிகள் அதற்கு முன்பு 'ப்ரான்ல்' என்று ஒரு சொல் வைத்திருந்தார்கள். ஆடுவது என்று பொருள். சண்டை வரும்போது எல்லாவற்றையும் அவிழ்த்துச் சுருட்டு என்கிற கட்டளைதான் 'ப்ரான்ல்-பா'. சுருட்டிய துணிகளைக் கப்பலின் பக்கவாட்டில் வரிசையாக அடுக்குவார்கள், துப்பாக்கிக் குண்டைக் கொஞ்சம் தடுக்கும். 1783 ஜூன் 20-இல் கடலூருக்கு எதிரே ஆங்கிலேயரோடு மோதிய சுஃப்ரேனின் மாலுமிகளும் இந்தக் கட்டளையைக் கேட்டுப் பழகியவர்கள்தான். அவர் பெயரில் நம் ஊரில் ஒரு வீதி இருப்பது உங்களுக்குத் தெரியும்.

ஆனால் நான் எழுத வந்தது கப்பலைப் பற்றி அல்ல, கயிற்றைப் பற்றி. பொதுப்பணித் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவனுக்கு ஒரு பொருள் தொங்கினால், அது எதில் தொங்குகிறது என்றுதான் முதலில் கண் போகும்.

நான் பையனாக இருந்தபோது எங்கள் வீதியில் ஒரு சொல்தா இருந்தார். இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை நம் ஊரில் சொல்தா என்போம். அவர் இந்தோசீனாவில் இருந்தவர். அங்கே வீட்டுக்கு வீடு தொங்கு படுக்கை உண்டு. எதிர்த்துச் சண்டை போட்ட வியட்மின் வீரர்களும் காட்டில் அதில்தான் தூங்கினார்களாம். 1954-இல் தியென்பியன்பூ விழுந்தது, அதே வருஷம் நவம்பர் 1-இல் புதுச்சேரி கை மாறியது. ஊர் திரும்பிய அவர் பெட்டியில் ஒரு அமாக்கும் வந்தது.

அதைத் திண்ணையின் இரண்டு தூண்களுக்கு நடுவே கட்டினார். முதுகு வளையாமல் படுக்க வேண்டும் என்று கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டினார். சில மாதத்தில் ஒரு தூணின் அடிப்பகுதி கருங்கல் பீடத்திலிருந்து விரல் அகலம் நகர்ந்திருந்தது. பார்க்க வந்த ஆசாரி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஐயா, தூணு தாங்கறதுக்கு நிக்குது. இழுக்கறதுக்கு இல்ல."

அந்த ஒரு வரியைத்தான் பின்னால் நான் கல்லூரியில் கணக்காகப் படித்தேன். எழுபது கிலோ ஆள் படுத்திருக்கிறார் என்று வையுங்கள். கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிந்திருந்தால் ஒவ்வொரு கயிற்றிலும் எழுபது கிலோ இழுப்பு. விறைப்பாகக் கட்டி அது 10 டிகிரி ஆனால், அதே ஆளுக்கு ஒவ்வொரு கயிற்றிலும் இருநூறு கிலோ! அதில் பெரும்பங்கு தூணைப் பக்கவாட்டில் இழுக்கிறது. நம் பழைய வீட்டுத் தூண்கள் மேலே இருக்கும் உத்திரத்தின் பாரத்தால்தான் பீடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைப் பக்கவாட்டில் இழுத்தால் வீட்டையே இழுப்பது போல.

ஆசாரி கட்டுமானத்தை மாற்றினார். தூணை விட்டுவிட்டு, மேலே உத்திரத்தில் இரண்டு இரும்பு வளையம் போட்டார். பர்மா தேக்கு, நல்ல கனம். வளையத்திலிருந்து சங்கிலி, சங்கிலியில் ஒரு கொக்கி, கொக்கியில் அமாக். உயரம் வேண்டுமானால் ஒரு கண்ணி ஏற்றிக்கொள்ளலாம், தாழ வேண்டுமானால் இறக்கிக்கொள்ளலாம். படுக்கை நன்றாகத் தொய்ந்தது. முதுகு வளையுமே என்று சொல்தா முணுமுணுத்தார். அதற்கும் வழி உண்டு: நேராகப் படுக்காமல் கொஞ்சம் குறுக்காகப் படுத்தால் துணி விரிந்து முதுகு சமமாகிவிடும். இப்போது காட்டில் கூடாரம் போடாமல் அமாக் கட்டித் தூங்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் இதே 30 டிகிரியைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் செய்யும் இன்னொரு மாற்றமும் நல்லது. கடையில் கூடவே வரும் மெல்லிய கயிற்றை எடுத்துவிட்டு, அகலமான பட்டையால் மரத்தைச் சுற்றுகிறார்கள். பட்டை மரத்தோலை அறுப்பதில்லை.

இந்தக் கோணத் தொல்லையே இல்லாத ஒன்று நம்மிடம் எப்போதும் இருந்தது. தூளி. சில வீடுகளில் ஏணை என்பார்கள். புடவையின் இரண்டு நுனியும் மேலே ஒரே இடத்தில் சேர்ந்துவிடுவதால் பாரம் நேராகக் கீழே இறங்குகிறது, பக்கவாட்டு இழுப்பு எதற்கும் போவதில்லை. பழைய பருத்திப் புடவைதான் வேண்டும் என்று பாட்டிமார் அடம் பிடித்ததற்கும் காரணம் உண்டு. பட்டும் நைலக்ஸும் முடிச்சில் வழுக்கும். குழந்தையின் முகத்தில் துணி மூடாமலிருக்க நடுவே ஒரு தொட்டில் கட்டையைச் செருகுவார்கள். அந்தக் கட்டையை வேண்டாம் என்று எடுத்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

பிறகு ஸ்பிரிங் வந்தது. சிங்கப்பூர், மலேசியாவில் ஸ்பிரிங் தூளி சர்வ சாதாரணம். பக்கவாட்டில் ஆடுவதற்குப் பதில் மேலும் கீழுமாக மெல்லக் குதிக்கும், குழந்தை சீக்கிரம் தூங்கிவிடும். ஸ்பிரிங் என்றைக்காவது அறுந்தால்? அதனால் எங்கள் வீட்டில் ஸ்பிரிங்கின் உள்ளே ஒரு தொய்வான கயிற்றையும் விட்டு மேலும் கீழும் முடிந்திருந்தோம். ஸ்பிரிங் போனாலும் கயிறு பிடித்துக்கொள்ளும்.

இப்போதைய சிக்கல் வேறு. அடுக்குமாடி வீட்டில் உத்திரம் ஏது? மின்விசிறிக் கொக்கியில் தூளியைக் கட்டிவிடுகிறார்கள். அந்தக் கொக்கி கூரை போடும்போதே கம்பிகளோடு சேர்த்துக் கட்டப்பட்டதா, பிறகு துளை போட்டு இறுக்கியதா என்று யாரும் கேட்பதில்லை. கடற்காற்று உள்ள ஊர் நம்முடையது. இரும்பு துருப் பிடித்தால் பருக்கும், பருத்தால் கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். கொக்கியைச் சுற்றிப் பழுப்புக் கறையோ மயிரிழை வெடிப்போ தெரிந்தால் அதில் குழந்தையைத் தொங்கவிடாதீர்கள். இன்னொன்று: குழந்தை வளர்ந்த பிறகு தூளியை அப்படியே விட்டுவைக்காதீர்கள். நாலைந்து வயதுப் பிள்ளைகள் அதில் முறுக்கி விளையாடிக் கழுத்து இறுகிய செய்திகளைப் பேப்பரில் எத்தனையோ தடவை படித்துவிட்டோம்.

என் பேத்தி பிறந்தபோது மகன் இரும்புக் குழாய்த் தாங்கியில் தொங்கும் தூளி வாங்கி வந்தான். நான் அதன் நான்கு கால்களையும் ஆட்டிப் பார்த்தேன், பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தேன், பத்து கிலோ அரிசி மூட்டையை ஒரு ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டுப் பார்த்தேன். மருமகள் சிரித்தாள். "மாமா, அரிசி தூங்கிடுச்சா?" என்றாள். காலையில் கொக்கி வளையாமல் இருந்தது. அதன் பிறகுதான் புடவை கட்டச் சொன்னேன், தொட்டில் கட்டையோடு.