ரஷ்யாவை நம்பிய இரண்டு ஷாம்பெய்ன் நிறுவனங்கள்

பிரான்சின் வடகிழக்கே ரான்ஸ் நகரத்துக்கு அடியில், சுண்ணக்கல்லைக் குடைந்த நிலவறைகள் கிலோமீட்டர் கணக்கில் நீள்கின்றன. அங்கே புட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் நிறுவனங்களில் வெவ் கிளிக்கோவும் லூயி ரோடரரும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை. முன்னது 1772இல் தொடங்கியது, பின்னது 1776இல். இரண்டும் ரஷ்யப் பணத்தில் தழைத்தவை. இரண்டையும் இக்கட்டான காலத்தில் தூக்கி நிறுத்தியவர்கள் கணவனை இழந்த பெண்கள். ஆனால் இன்று ஒன்று எல்விஎம்எச் என்ற மாபெரும் ஆடம்பரப் பொருள் குழுமத்தின் கிளை. மற்றது ஏழாம் தலைமுறை கையில் இருக்கும் குடும்பச் சொத்து. பாதை பிரிந்த இடத்தை மதுவின் சுவையில் தேடுவதைவிட வாரிசு ஏற்பாட்டிலும் நிலப் பத்திரத்திலும் தேடுவதே பயன் தரும் என்பது என் கட்சி.

முதலில் கிளிக்கோ. 1805இல் பிரான்சுவா கிளிக்கோ இறந்தபோது அவர் மனைவி பார்ப்-நிகோல் போன்சார்தெனுக்கு வயது 27. முந்தைய ஆண்டுதான் நெப்போலியனின் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருந்தது. அதன்படி மணமான பெண் கணவனின் அனுமதி இல்லாமல் ஒப்பந்தம் போட முடியாது. கைம்பெண்ணுக்கோ அந்தத் தடை கிடையாது. குடும்பம் தொழிலை மூடிவிடலாம் என்று நினைத்த நேரத்தில் அவர் நடத்திக் காட்டுகிறேன் என்றார். மாமனார் முதல் போட்டார், ஆனால் சும்மா போடவில்லை: அனுபவமுள்ள வணிகர் ஒருவருடன் கூட்டாகச் சில ஆண்டுகள் தொழில் பழக வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் கூட்டு முடிந்ததும், 1810இல், கைம்பெண் எனப் பொருள்படும் ‘வெவ்’ என்பதையே பெயரின் தலையில் சூட்டிக்கொண்டு தனி நிறுவனமாக நின்றார்.

அது போர்க்காலம். துறைமுகங்கள் அடைபட்டிருந்தன, சரக்கு நிலவறையில் தேங்கியது. தேங்கியவற்றில் 1811ஆம் ஆண்டு விளைச்சலும் ஒன்று. வானில் வால்நட்சத்திரம் தெரிந்த அந்த ஆண்டின் மதுவுக்குத் தனி மவுசு உண்டு. 1814இல் நெப்போலியன் வீழ்ந்தார். ரஷ்யா பிரெஞ்சு மதுவுக்குப் போட்டிருந்த தடை முறைப்படி நீங்கும் முன்பே கிளிக்கோவின் முகவர் லூயி போன் 10,550 புட்டிகளோடு கப்பலேறி, இன்று கலினின்கிராட் எனப்படும் கோனிக்ஸ்பெர்க் துறைமுகத்தில் இறங்கினார். மற்ற நிறுவனங்கள் கண் விழிப்பதற்குள் சரக்கு தீர்ந்துவிட்டது. பிறகு புஷ்கின் தன் ‘எவ்கேனி ஒனேகின்’ காவியத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடும் அளவுக்குக் கிளிக்கோ ரஷ்யச் சீமான்களின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

கேட்கும் அளவுக்குக் கொடுக்க முடியாததே அடுத்த தலைவலி. ஷாம்பெய்ன் புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிப்பதால்தான் நுரைக்கிறது. நொதித்து முடிந்த ஈஸ்ட் மண்டியாக அடியில் தங்கிவிடும். மண்டியைப் பிரிக்க வேறு புட்டிக்கு ஊற்றினால் வாயு போய்விடும், மதுவும் வீணாகும். 1816 வாக்கில் பார்ப்-நிகோலும் நிலவறை மேற்பார்வையாளர் மியூலரும் ஒரு மேசையில் துளைகள் போட்டுப் புட்டிகளைத் தலைகீழாகச் சாய்த்து வைத்தார்கள். அவ்வப்போது சிறிது திருப்பிவிட்டால் மண்டி மெல்ல இறங்கிக் கழுத்தில் சேரும். தக்கையை எடுத்ததும் உள்ளிருக்கும் அழுத்தமே அதை வெளியே துப்பிவிடும். அந்த மேசை அவர் வீட்டுச் சமையலறை மேசைதான் என்றும் சொல்வார்கள். விளம்பரத்துக்கு மிகவும் தோதான கதை, அதனால் கொஞ்சம் தள்ளி நின்றே கேட்கலாம். துளை மேசை மட்டும் பொய்யில்லை. அதன் வாரிசான சாய்பலகைகளை ஷாம்பெய்ன் நிலவறைகளில் இன்றும் பார்க்கலாம்.

அந்தக் கால மது எப்படி இருந்தது என்பதற்குக் கடலே சாட்சி சொன்னது. 2010இல் பால்டிக் கடலில், ஆலந்து தீவுகளுக்கு அருகே மூழ்கிக் கிடந்த கப்பலிலிருந்து 168 ஷாம்பெய்ன் புட்டிகள் கிடைத்தன. கிளிக்கோவும் அவற்றில் இருந்தது. சோதித்துப் பார்த்தால் லிட்டருக்கு 140 கிராமுக்கு மேல் சர்க்கரை. இன்று ‘ப்ரூட்’ என்று எழுதி விற்கும் ஷாம்பெய்னில் 12 கிராமைத் தாண்டக் கூடாது. நாம் இன்று வரலாற்றுச் சுவை என்று மெச்சிக் குடிப்பதை அன்றைய சீமான்கள் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி வாரிசு விஷயம். பார்ப்-நிகோலுக்கு ஒரே மகள். மருமகன் செவிஞே பிரபு செலவாளி. தொழிலை அந்தப் பக்கம் போகவிடாமல், தன்னிடம் வேலை கற்று உயர்ந்த ஜெர்மானியர் எதுவார் வெர்லேயைப் பங்காளியாக்கி, அவரிடமே நிறுவனத்தை விட்டுச் சென்றார். இரத்த உறவை ஓரம் கட்டிய கெட்டிக்காரத்தனம் அது. அதற்குப் பிறகு நிறுவனத்தை இணைத்து வைத்தது கிளிக்கோ என்ற பெயரே, கிளிக்கோ குடும்பம் இல்லை. 1877இல் மஞ்சள் லேபிளைப் பதிவு செய்தார்கள், 1963இல் பங்குச் சந்தைக்கு வந்தார்கள், 1986இல் லூயி வித்தோன் நிறுவனம் வாங்கியது, அடுத்த ஆண்டே எல்விஎம்எச் உருவானது. அந்த மூதாட்டி 1866இல் கண் மூடும்போதே இந்தப் பாதைக்கு வழி திறந்திருந்தது.

ரோடரர் கதை நேர் எதிர். 1833இல் மாமாவிடமிருந்து தொழிலைப் பெற்ற லூயி ரோடரர் தன் பெயரையே வைத்தார். அதிலிருந்து மகன், மகனின் சகோதரி, அவர் பிள்ளைகள், மருமகள், பேரன் என்று சொத்து உறவுக்குள்ளேயே சுற்றி வந்திருக்கிறது. இன்னொரு பழக்கத்தையும் லூயி தொடங்கி வைத்தார். மற்றவர்கள் விவசாயிகளிடம் திராட்சை கொள்முதல் செய்வதோடு நிறுத்திக்கொண்ட 1840களிலேயே அவர் தோட்டங்களை வாங்கத் தொடங்கினார்.

ரஷ்யாவில் கிளிக்கோ கடைவீதியைப் பிடித்தது என்றால் ரோடரர் அரண்மனைக்குள் நுழைந்தது. 1876இல் ஜார் இரண்டாம் அலெக்சாந்தருக்காக மட்டும் உருவானது ‘கிறிஸ்டல்’. கண்ணாடி தெளிவாக, அடி தட்டையாக இருக்க வேண்டும். குழிந்த அடிக்குள் வெடிகுண்டு ஒளிக்கலாம் என்ற அச்சமே காரணம் என்று சொல்லப்படுகிறது. குண்டு வந்தது, புட்டி வழியாக அல்ல: 1881இல் தெருவில் வீசிய குண்டில் ஜார் மாண்டார். வெளிச்சம் பட்டால் மது கெடும் என்பதால் அந்தத் தெளிந்த புட்டியை இன்றும் வண்ணத்தாளில் சுற்றித்தான் விற்கிறார்கள்.

ஒரே வாடிக்கையாளரை நம்புவதன் விலை 1917இல் தெரிந்தது. புரட்சியோடு ரோடரரின் மிகப் பெரிய சந்தை ஒரே அடியில் போனது. சில ஆண்டுகளில் அமெரிக்காவிலும் மதுவிலக்கு. கிளிக்கோவுக்கும் அடிதான், ஆனால் அதன் லேபிள் உலகெங்கும் பரவியிருந்ததால் தாங்கிக்கொண்டது. 1930களின் தொடக்கத்தில் கணவரை இழந்த கமீய் ஒல்ரி-ரோடரர் பொறுப்பேற்று, நாற்பதாண்டுக்கு மேல் நிறுவனத்தை நடத்தினார். கிறிஸ்டல் பொதுச் சந்தைக்கு வந்ததும் அவர் காலத்தில்தான்.

ஷாம்பெய்ன் வட்டாரத்தில் சுமார் 34,000 ஹெக்டேர் தோட்டம் உண்டு. அதில் பத்தில் ஒன்பது பங்கு சிறு விவசாயிகளுடையது. புட்டி விற்பனையில் பெரும்பகுதியோ நிறுவனங்களுடையது. எனவே யாருக்கு எவ்வளவு சொந்த நிலம் என்பதே இந்தத் தொழிலின் ஜாதகம். ரோடரரிடம் ஏறக்குறைய 240 ஹெக்டேர்; தேவையில் பெரும்பகுதியை அதுவே தந்துவிடும். கிளிக்கோவிடம் நிலம் அதைவிட அதிகம், ஆனால் ஆண்டுக்கு ஒரு கோடிப் புட்டிகளுக்கு மேல் நிரப்பும் நிறுவனத்துக்கு அது யானைப் பசிக்குச் சோளப் பொரி. மீதிக்கு விவசாயிகளோடு ஒப்பந்தம்தான். 2012 விளைச்சல் முதல் கிறிஸ்டலை முழுக்க இயற்கை வேளாண்மைத் திராட்சையில் செய்ய ரோடரரால் முடிந்தது. தன் நிலத்துக்குத் தானே முதலாளி என்பதால் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. 2021இல் வழக்கமான ‘ப்ரூட் பிரமியே’ மதுவை நிறுத்திவிட்டு, ஆண்டுக்கு ஆண்டு மாறும் எண்ணிட்ட வரிசையைக் கொண்டுவந்தார்கள். மழையும் வெயிலும் மாறினால் மதுவும் மாறட்டும் என்பது அவர்கள் வாதம்.

கிளிக்கோவின் மஞ்சள் லேபிள் மாறவே கூடாது. விமான நிலையத்தில் வாங்குபவருக்குப் போன முறை குடித்த அதே சுவை வேண்டும். மது ரசிகர்கள் இதைச் சற்று இளக்காரமாகப் பேசுவார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. எத்தனையோ தோட்டங்களின் சாற்றைப் பழைய இருப்போடு கலந்து, கோடிப் புட்டிகளில் ஒரே சுவையை ஆண்டுதோறும் நிறுத்துவது பெரிய கைவேலை. வியப்பூட்டும் மது ரோடரருடையது என்பதையும் மறுக்கவில்லை.

குடும்ப நிர்வாகத்துக்குச் செலவும் உண்டு. 2006இல் ரோடரரின் புதிய தலைவர் ஃபிரெடெரிக் ரூஸோவிடம் ‘எகனாமிஸ்ட்’ இதழ், ஹிப்-ஹாப் பாடகர்கள் கிறிஸ்டலைக் கொண்டாடுவது நிறுவனத்தின் பெயரைக் கெடுக்குமா என்று கேட்டது. வாங்காதே என்று தடுக்க முடியாது, போட்டி ஷாம்பெய்ன்களான தோம் பெரிஞோனோ குருகோ அந்த வியாபாரத்தை மகிழ்ச்சியோடு ஏற்கும் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். பெரிய குழுமம் ஒன்றின் விளம்பரப் பிரிவு பக்கத்தில் இருந்திருந்தால் அந்த வாக்கியம் அச்சேறியிருக்காது. பாடகர் ஜே-சி அதை இனவெறி என்று கண்டித்துக் கிறிஸ்டலைப் புறக்கணித்தார். பின்னர் ‘அர்மாந்த் தெ பிரின்யாக்’ என்ற ஷாம்பெய்னைச் சொந்தமாகவே வாங்கிவிட்டார். 2021இல் அதில் பாதிப் பங்கை விலைக்கு எடுத்தது தோம் பெரிஞோன், குருக், வெவ் கிளிக்கோ மூன்றுக்கும் சொந்தக்காரரான எல்விஎம்எச்.